சங்கு டீச்சரின் ஒன்பதாம் வகுப்பு

எங்கள் ஊர் உயர்நிலைப்பள்ளியின் வரலாற்றை ஆண்டு விழா மேடையில் யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். "நகராட்சிக் கிடங்கில் நடுநிலைப்பள்ளியாகத் தொடங்கி, பின்னர் உயர்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்த்தப்பட்டு..." அந்தப் 'பின்னர்' என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னராம்! மழை பெய்தது, புல் முளைத்தது என்பது போல. அந்தப் பின்னருக்குள் என் அத்தையின் தொண்டை இருக்கிறது. மேடையில் மைக் பிடிக்கிறவர்கள் யாரும் அதைச் சொல்லப்போவதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊரில் அவளுக்கு சங்கு டீச்சர் என்று பெயர். ஆலைச் சங்குக்கு அடுத்தபடியாக ஊர் முழுக்கக் கேட்கிற சத்தம் அவளுடையதுதான் என்று பிள்ளைகள் வைத்த பெயர். அவள் எங்களோடுதான் இருந்தாள். தரகர்கள் கொண்டுவந்த வரன்களை எல்லாம் அவள் குரலே வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது என்பது அம்மாவின் கட்சி. வீட்டில் அத்தை உப்பு எங்கே என்று கேட்டால் எதிர்வீட்டு அம்மாள் உப்போடு வந்து நிற்பார். "அண்ணி, ஊருக்கே தந்தி அடிக்காதீங்க" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் அந்தக் குரல் அவளுக்குப் பிறவியில் வந்ததில்லை. பள்ளிக்கூடம்தான் கொடுத்தது. சிறு வயதில் அத்தை பேசுவதே கேட்காது என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் நம்பியதில்லை.

பள்ளிக்கூடம் என்று நான் சொல்வது ஒரே ஒரு நீள அறை. நகராட்சிக்காரர்கள் சாலை போடும் தார்ப் பீப்பாய்களை அடுக்கி வைத்திருந்த கிடங்கு. பீப்பாய்களை உருட்டி வெளியே தள்ளிவிட்டு எங்களை உள்ளே தள்ளினார்கள். உச்சி வெயிலில் தரையிலிருந்து தார் வாசனை கிளம்பும், செருப்பு ஒட்டும். மேலே தகரக் கூரை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஒட்டுப்பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். தடுப்புக்கு மேலே எல்லாம் பொது. காற்று பொது, புறா பொது, சத்தமும் பொது. ஆறாம் வகுப்பில் "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டால் ஏழாம் வகுப்பு "ஐம்பத்தாறு" என்று கத்தும். எட்டாம் வகுப்பில் ஒருவனை "எழுந்திரு" என்றால் ஒன்பதிலும் ரெண்டு பேர் எழுந்து நிற்பார்கள்.

இந்தக் கூத்துக்கு அத்தைதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். கேள்வி கேட்பதற்கு முன்னால் டீச்சர் வகுப்பின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். "ஒன்பதாம் வகுப்பு!" என்றால், நாங்கள் "இருக்கோம் டீச்சர்!" என்று எழுந்து நிற்போம். அதற்குப் பிறகு வருகிற கேள்வி எங்களுடையது. பெயர் சொல்லாத கேள்வி எவன் வீட்டுக் கேள்வியோ, நாம் வாய் திறக்கக் கூடாது. சில மாதங்களில் இது எங்கள் உடம்பிலேயே ஊறிவிட்டது. எங்கள் பெயரைச் சொல்லும்வரை எங்கள் காது தானாகவே மூடிக்கொள்ளும். வெளியூர்ப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்குச் சுவர் இருந்தது.

இதில் பாவம் எட்டாம் வகுப்பு வாத்தியார். மெல்ல நடப்பார், மெல்லப் பேசுவார், பூனை சார் என்று பெயர். அத்தையின் குரலுக்கு மிக அருகில் இருந்தவர் அவர்தான். அத்தை கணக்கு நடத்தத் தொடங்கினால் அவருடைய வரலாறு யாருக்கும் கேட்காது. பிரம்பால் தடுப்பில் 'டக் டக்' என்று தட்டி, "மெதுவா டீச்சர்" என்பார். அத்தை கொஞ்ச நேரம் குறைத்துக்கொள்வாள். பிறகு மறந்துவிடுவாள். மறுபடி டக் டக். இது தினசரி நடக்கும்.

ஒன்பதாம் வகுப்பு எங்களுக்குத் தற்காலிக அனுமதியில்தான் வந்தது. பத்தாம் வகுப்புக்கு ஆய்வாளர் வந்து பார்த்து, சரி என்று எழுத வேண்டும். போன வருடம் ஒருவர் வந்து இல்லை என்று எழுதிவிட்டார். இந்த வருடமும் இல்லை என்றால் ஒன்பதையும் சேர்த்து மூடிவிடுவதாக ஓலை வந்துவிட்டது. அடுத்த உயர்நிலைப்பள்ளி இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. பையன்கள் எப்படியோ தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பெண்பிள்ளைகளை எந்த வீட்டில் அனுப்புவார்கள்? என் அப்பா தையல்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் வீட்டில் இரண்டாவது தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். "சும்மாதாம்மா, துரு ஏறக்கூடாதுல்ல" என்றார். அது யாருக்கான மெஷின் என்று எனக்குத் தெரியும். அதைக் கடந்து போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆய்வாளர் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அத்தை இருமினாள், கைக்குட்டையில் ரத்தம் வந்தது. தொண்டை டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார், ஏதோ நான் பெரிய மனுஷி மாதிரி.

"இவங்க என்ன வேலை பாக்கறாங்க? ஏலம் விடறாங்களா?"

"டீச்சர்."

"டீச்சரா? இப்படி ஒரு தொண்டைய நான் பாத்ததில்ல. உள்ள முடிச்சு முடிச்சா வளந்திருக்கு, ஒண்ணு கிழிஞ்சும் இருக்கு." பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். "மூணு மாசம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆறிடும். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை கத்தினீங்க, அவ்வளவுதான். அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

அத்தை வாயைத் திறந்தாள். டாக்டர் கையை நீட்டித் தடுத்தார். வீட்டுக்கு வந்ததும் என் பழைய சிலேட்டை எடுத்துத் துடைத்தாள். அன்றிலிருந்து அதுதான் அவளுக்கு வாய்.

அம்மா அன்று நடுக்கூடத்தில் நின்று கத்தினாள். குரலைப் பற்றிக் குறை சொல்லியே வாழ்ந்தவள், அந்தக் குரலுக்காக அழுதாள். "தொண்டை பெருசா, பள்ளிக்கூடம் பெருசா? குரல் போச்சுன்னா உங்களை வேலைல வச்சிருப்பாங்களா அண்ணி? யோசிச்சுப் பாருங்க. லீவு போடுங்க!" அத்தை சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: 'நான் இல்லாமல் ஆய்வு நடந்தால் கணக்கு டீச்சர் இல்லாத பள்ளி என்று எழுதுவார்கள்.' அம்மா அந்தச் சிலேட்டைப் பிடுங்கித் தன் முந்தானையால் அழித்தாள். அவளால் முடிந்தது அதுதான்.

தலைமை ஆசிரியருக்கு அவசரம் சார் என்று பெயர். நடக்கும்போதே ஓடுவார், கேள்வி முடியும் முன்னால் பதில் சொல்வார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "சரி, சரி, நீங்க நில்லுங்க. சும்மா நில்லுங்க. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா போதும். பிள்ளைங்க பதில் சொல்லிடும்." பிறகு கதவுவரை போய்த் திரும்பி வந்தார். "டீச்சர், ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. குரல் இல்லாதவங்களை வகுப்புல வைக்க விதியில இடம் இல்ல. பாத்துக்கங்க." அவர் நல்லதற்குத்தான் சொன்னார். எனக்கு அவர் மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

ஆய்வாளர் ஒரு பெண். ஒல்லியான, சிரிக்காத அம்மாள். அவர் பேசுவது அவர் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. வாசலில் நின்று கிடங்கை அண்ணாந்து பார்த்தவர் ஏதோ சொன்னார். அவசரம் சார் குனிந்து காதைக் கொடுத்து, "ஆமா மேடம், தற்காலிகம்தான் மேடம்" என்றார்.

முதல் கோளாறு ஆறாம் வகுப்பிலேயே வந்தது. ஆய்வாளர் மெல்லக் கேட்ட கேள்வியை, பிள்ளைகளுக்குக் கேட்கவில்லையே என்ற பதற்றத்தில் அந்த வகுப்பு டீச்சர் உரக்கத் திருப்பிச் சொன்னார். வகுப்பின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சரியான பதிலைக் கத்தினான்.

"யாரு அது? பக்கத்து வகுப்பு எடுத்துக் குடுக்குதா?" இந்த முறை ஆய்வாளர் சொன்னது எங்களுக்கே கேட்டது.

அவசரம் சாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆய்வாளரை ஏழாம் வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, ஒவ்வொரு தடுப்பின் மேலாகவும் தலையை நீட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வகுப்பு பேரைச் சொல்லாம எவனாவது எவளாவது வாயைத் திறந்தா, இன்னைக்கே டி.சி.!" எங்கள் தடுப்பின் மேலும் அந்த வியர்த்த முகம் வந்து போனது. உடனே ஆய்வாளர் அவரை, விளையாட்டுத் திடலுக்கு ஒதுக்கிய பக்கத்து மனையின் வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் ஓடினார். ஓடியவர் நகராட்சி அலுவலகத்தில் அலமாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஏழிலும் எட்டிலும் நோட்டுகளை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு எங்கள் வகுப்புக்கு ஆய்வாளர் வந்தபோது அத்தை கரும்பலகை ஓரமாக, சிலேட்டை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

"கணக்கு டீச்சர் நீங்கதானே?"

அத்தை தலையசைத்தாள்.

"நான் கேக்கறப்ப நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. பேசினா சொல்லிக்குடுத்ததாத்தான் எழுதுவேன்."

அத்தை மறுபடி தலையசைத்தாள். டாக்டர் ஒரு பூட்டுப் போட்டிருந்தார், இந்த அம்மாள் இரண்டாவது பூட்டுப் போட்டார்.

ஆய்வாளர் பலகையில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து, இரண்டு பக்கங்களுக்கு மூன்று, நான்கு என்று எழுதினார். பெரிய பக்கம் எவ்வளவு என்று கேட்டார்.

ஐந்து. அது எங்கள் வகுப்பில் தூங்குகிறவனுக்கும் தெரியும். எனக்கு நுனிநாக்கில் இருந்தது. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் எங்களைப் பார்த்துத்தான் கேட்டார், அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அவர் பெயர் சொல்லவில்லையே! ஒன்றரை வருடப் பழக்கம் ஒருபுறம், தடுப்பின் மேல் வந்து போன டி.சி. மறுபுறம். என் பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பெஞ்சுக்குக் கீழே எல்லோருடைய கால்களும் ஆடிக்கொண்டிருந்தன.

ஆய்வாளர் இன்னொரு கேள்வி கேட்டார். அதைவிடச் சுலபமானது. மறுபடி மௌனம். அவர் பெருமூச்சு விட்டார், பேனா மூடியைத் திருகித் திறந்தார். கையிலிருந்த அட்டையில் காகிதத்தைச் சரிசெய்துகொண்டார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள், அவசரம் சார் வருகிறாரா என்று. வாசலில் யாரும் இல்லை. சிலேட்டில் எழுதிக் காட்டலாம் என்று சாக்பீஸை எடுத்தாள், ஆய்வாளரின் கண் அதன்மேல் போனதும் கையை இறக்கினாள். ஜாடை கூடாது என்றாரே. பேனா காகிதத்தைத் தொட்டது. அத்தையின் கழுத்து நரம்பு புடைப்பதை நான் பார்த்தேன். வேண்டாம் அத்தை, வேண்டாம் என்று மனசுக்குள் கத்தினேன். கூடவே இன்னொரு மனசு, கூப்பிடு அத்தை, எங்களைக் கூப்பிடு என்றும் கத்தியது. இரண்டும் உண்மை.

"ஒன்பதாம் வகுப்பு!"

கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன. எத்தனையோ தடவை கேட்ட குரல்தான், ஆனால் இவ்வளவு பெரிதாக ஒருநாளும் கேட்டதில்லை. கடைசி எழுத்தில் அது கிழிந்தது. அப்பா புதுத் துணியைக் கிழிக்கும்போது வருமே, அந்தச் சத்தம்.

"இருக்கோம் டீச்சர்!" வகுப்பு முழுக்க எழுந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து, தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'டக் டக்' என்று பிரம்புச் சத்தம் வந்தது. பூனை சார் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார். பிறகு அவரே தலையில் அடித்துக்கொண்ட சத்தமும் கேட்டது.

ஆய்வாளர் திரும்பினார். "நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட?"

அத்தை வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். டி.சி.யாவது மண்ணாவது என்று நான் பேசினேன்.

"அவங்க பதில் சொல்லிக்குடுக்கல மேடம்! எங்களைக் கூப்பிட்டாங்க, அவ்வளவுதான். இங்க வகுப்பு பேரைச் சொன்னாதான் நாங்க பேசுவோம். இல்லாட்டி அடுத்தவங்க கேள்விக்கெல்லாம் நாங்க பதில் சொல்லிடுவோம். சுவரே இல்லையே மேடம், நாங்க என்ன பண்றது? விடை அஞ்சு! வேணும்னா நீங்களே எட்டாம் வகுப்பைக் கூப்பிட்டுப் பாருங்க!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தடுப்பைப் பார்த்து, "எட்டாம் வகுப்பு" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் குரல் தடுப்பைக்கூட எட்டியிருக்காது.

"சத்தமா சொல்லணும் மேடம்" என்றேன். தொடங்கிவிட்டேன், இனி என்ன.

அந்த அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கத்தினார் என்று நினைக்கிறேன். குரல் பிசிறியது. ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சுகள் சர்ரென்று நகர்ந்தன. "இருக்கோம் டீச்சர்!" என்று எட்டாம் வகுப்பு மொத்தமும் முழங்கியது.

ஆய்வாளர் பேனாவை மூடினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஒன்பதாம் வகுப்பு!" என்றார். கேள்வி கேட்டார். நாங்கள் சொன்னோம். மறுபடி பெயரைக் கூவினார், மறுபடி கேட்டார். விடாமல் கேட்டார். ஒன்றைக்கூட நாங்கள் விடவில்லை. கடைசியில் அவருக்கே தொண்டை கட்டி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையிடம் போனார்.

"தினமும் இப்படியா?"

அத்தை தலையசைத்தாள். அப்போதுதான் அந்த அம்மாள் அத்தையின் கையில் இருந்த கைக்குட்டையைப் பார்த்தார். அதில் இருந்ததையும் பார்த்தார். அவசரம் சார் வரைபடத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உத்தரவு வந்தது. பத்தாம் வகுப்புக்கு அனுமதி, பள்ளி திறப்பதற்குள் வகுப்புகளுக்கு நடுவே செங்கல் சுவர் எழுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. எத்தனையோ வருடமாக அத்தை கேட்டுக் கேட்டு அலுத்த சுவர். அந்தக் கோடை விடுமுறையில் கட்டி முடித்துவிட்டார்கள். அப்பா இரண்டாவது மெஷினை விற்றுவிட்டார். எனக்கு உத்தரவைக் காட்டிலும் அதுதான் நிம்மதி.

டாக்டர் அத்தையைப் பார்த்துத் திட்டினார், பிறகு பேசாமல் கையைக் கழுவிக்கொண்டார். அத்தைக்குக் குரல் திரும்ப வரவில்லை. மூச்சுக்காற்று மட்டும் வந்தது. காதருகே வைத்துக் கேட்டால் சொல் புரியும். வீட்டில் உப்பு கேட்டால் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து வாயருகே குனிவாள். எதிர்வீட்டு அம்மாள் இரண்டு தடவை வந்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பள்ளி திறக்கும் முன்பு அவசரம் சார் வீட்டுக்கே வந்தார். அன்று அவரிடம் அவசரம் இல்லை. "நூலகத்தைப் பாத்துக்கங்க டீச்சர். உக்காந்த இடத்துல வேலை. வகுப்பு உங்களால முடியாது. இந்தக் குரல் எங்க கேக்கும்?" அத்தை சிலேட்டை எடுத்தாள். நிதானமாக எழுதி அவர் மடியில் வைத்தாள்: 'அதுதான் சுவர் கட்டியாயிற்றே.' அவர் அதைப் படித்தார். பையிலிருந்து கால அட்டவணையை எடுத்து, பத்தாம் வகுப்புக் கணக்குக்கு அத்தையின் பெயரை எழுதிவிட்டு எழுந்து போனார்.

பத்தாம் வகுப்பின் முதல் நாள். எங்கள் பழைய இடத்தையே பத்தாம் வகுப்பாக்கியிருந்தார்கள். புதுச் சுண்ணாம்பு வாசனை. கதவைச் சாத்தியதும் அறையில் அப்படி ஒரு அமைதி, எங்கள் மூச்சு எங்களுக்கே கேட்டது. அத்தை பலகைக்கு முன்னால் நின்று எங்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"பத்தாம் வகுப்பு."

வெறும் காற்றுதான். ஆனால் கடைசி பெஞ்சுவரை கேட்டது. இனி பெயர் சொல்லிக் கூப்பிட அவசியமே இல்லை, இருந்தாலும் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, பழக்கத்தில் எட்டாம் வகுப்புப் பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்களும் பார்த்தோம். டக் டக் வரவில்லை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக எழுந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். என்னோடு வகுப்பே எழுந்து கத்தியது.

"இருக்கோம் டீச்சர்!"

சன்னல் கம்பி அதிர்ந்தது. பிறகு வராந்தாவில் மெல்லிய காலடிச் சத்தம். யாரோ எங்கள் கதவைப் பிரம்பால் தட்டினார்கள், டக் டக். கதவு திறந்தது. பூனை சார் நின்றிருந்தார். சுவரில் தட்டினால் இனிக் கேட்காது என்று எழுந்து வந்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மெதுவா டீச்சர்" என்றார்.

அத்தை சிரித்தாள். தோள்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.